வெட்டுத்துணிகளைக் கையால் இணைக்க நான்கு முறைகள்: உங்கள் பைக்கு எது பொருந்தும்?

ரவிக்கை தைத்து வாங்கும்போது தையற்காரர் சுருட்டிக் கொடுக்கும் மீதித் துணி, காலரில் நைந்து மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும் சட்டை, உடல் பகுதி இற்றுப்போய் முந்தானை மட்டும் பிழைத்திருக்கும் சுங்குடிப் புடவை, அளவு போதாமல் கிடக்கும் குழந்தையின் பாவாடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பல வீடுகளில் ஒரு கட்டைப்பை நிரம்பியிருக்கிறது. அதைத் தூக்கி எறிய மனம் வராமல், கையாலேயே தைத்து ஏதாவது சிறு பொருள் செய்யலாம் என்று உட்காருபவர்கள் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறார்கள். சதுரங்களாக வெட்டி இணைப்பதா, காகிதத்தின் மேல் அறுகோணம் மடிப்பதா, பழைய துணியின் மேல் அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிச் செல்லும் ஓட்டுத் தையல் போடுவதா, வட்டமாக வெட்டிச் சுருக்குவதா என்று நான்கு வழிகள் முன்னால் நிற்கின்றன. இந்த நான்கில் எதைத் தொடங்கலாம் என்று கேட்டு என்னிடம் வரும் வாசகர்களுக்கு ஒரே பதிலைச் சொல்ல இயலவில்லை. ஏனெனில் அவர்களுடைய பையில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

பெரும்பாலோர் முடிந்த பொருளின் அழகான படத்தைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற துண்டுகளைத் தேடுகிறார்கள். அப்படித் தேடும்போது கையில் உள்ள துணி பொருந்தாமல் போய், கடையில் புதுத் துணி அரை மீட்டர் வாங்கி, அதை வெட்டித் துண்டாக்கித் தைப்பதில் கொண்டுபோய் விடுகிறது. துணியைப் பார்த்து முறையைத் தீர்மானிப்பதே வெட்டுத்துணி வேலையில் சரியான வரிசை என்பது என் கருத்து. கீழுள்ள ஒப்பீடு முழுவதும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் துண்டின் வடிவம். தையற்கடைத் துண்டுகள் பெரும்பாலும் கைக்குழி வெட்டியதால் ஒரு பக்கம் வளைந்தும், மறுபக்கம் கூராக ஒடுங்கியும் இருக்கும். அவற்றிலிருந்து நேரான சதுரம் எடுத்தால் பாதிக்கு மேல் மறுபடியும் கழிவாகிவிடும். பழைய சட்டையின் முதுகுப் பகுதியோ வேட்டியோ அப்படியல்ல. கத்தரிக்கு நேரான, தாராளமான இடம் அவற்றில் கிடைக்கும்.

இரண்டாவது துணியின் இயல்பு. பாப்ளின், ரூபியா, கைத்தறிப் பருத்தி ஆகியவை நகத்தால் கீறினாலே மடிப்பு நிற்கும் துணிகள். பள்ளிச் சீருடைத் துணியில் பாலியெஸ்டர் கலந்திருப்பதால் மடிப்பு நிற்பதில்லை. ஷிஃபானும் ஜார்ஜெட்டும் கையில் வழுக்கும். பழைய பட்டு வெட்டிய ஓரத்தில் பிரியும். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் நீளும். ஒவ்வொரு முறையும் இவற்றுள் சிலவற்றை ஏற்கும், சிலவற்றை ஏற்காது.

மூன்றாவது, பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று: தையலுக்குள் மறைந்துபோகும் துணியின் அளவு. வெட்டுத்துணி வேலை என்றாலே சிக்கனம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் சில முறைகள் கண்ணுக்குத் தெரியும் பரப்பைப்போல ஐந்து மடங்கு துணியை விழுங்குகின்றன.

நான்காவது, நேரமும் கண்ணும். மொத்தத் தையல்களின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு தையலையும் உற்றுப் பார்த்துப் போட வேண்டுமா, கை தானே பழகிப் போய்விடுமா என்பதே முக்கியம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வேறுபாடு முதல் அரை மணி நேரத்திலேயே புரிந்துவிடும். கடைசியாக, பிழையைப் பொறுக்கும் தன்மையும் துவைப்பைத் தாங்கும் தன்மையும் வருகின்றன.

எந்த முறையானாலும் இரண்டு முன்வேலைகளைத் தவிர்க்க முடியாது. புதிய பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். ஏற்கெனவே பலமுறை துவைத்த துணியோடு துவைக்காத புதுத் துண்டைச் சேர்த்துத் தைத்தால், பொருள் முடிந்தபின் புதுத் துண்டு மட்டும் சுருங்கி அக்கம்பக்கத்தை இழுக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒருமுறை நனைத்து உலர்த்திவிட வேண்டும். அடுத்தது சாயம். ஈரமான வெள்ளைத் துணியைத் துண்டின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தால், சாயம் விடும் துணி அங்கேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள்; சாயம் ஏற்றும்போது உப்பு துணைசெய்வது உண்மைதான், ஏற்றிய பின் ஒழுகும் சாயத்தை அது பிடித்து நிறுத்துவதில்லை. தொடர்ந்து சாயம் விடும் சிவப்பையும் நீலத்தையும் வெள்ளைத் துண்டுகளோடு சேர்க்காமல் தனியாக வைத்துவிடுவதே நல்லது. துணியில் பாலியெஸ்டர் உண்டா என்ற ஐயம் இருந்தால் இரண்டு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து எரித்துப் பார்க்கலாம்: பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

## ஒரே அளவில் நான்கு முறைகள்

ஒப்பீடு நேர்மையாக இருக்க, 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், அதாவது 144 சதுர அங்குலப் பரப்பை நான்கு முறைகளிலும் செய்வதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். சதுரமும் சுருக்கு வட்டமும் முடிந்த நிலையில் 2 அங்குலம். அறுகோணத்தின் பக்கம் 1 அங்குலம். அடுக்குத் தையலில் வரிசைகளுக்கு இடையே கால் அங்குலம். நேரம் என்பது ஊசி ஓரளவு பழகிய கையின் கணக்கு. புதியவர்கள் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளலாம்.

| | சதுரங்கள் | காகித அறுகோணங்கள் | அடுக்கி ஓட்டுத் தையல் | சுருக்கு வட்டங்கள் |
|---|---|---|---|---|
| துண்டுகளின் எண்ணிக்கை | 36 | சுமார் 55 | கையில் உள்ளபடி | 36 |
| மேல்துணிச் செலவு (சதுர அங்குலம்) | 225 | சுமார் 325 | சுமார் 200 | சுமார் 730 |
| தனியாக அடித்துணி | வேண்டும் | வேண்டும் | வேலையிலேயே சேர்ந்தது | வேண்டாம் |
| தையல்கள் | சுமார் 960 | சுமார் 2,640 | சுமார் 3,450 | சுமார் 2,040 |
| நேரம் | 3–4 மணி, அடித்துணி வைக்க மேலும் 2 | 8–9 மணி, அடித்துணி வைக்க மேலும் 2 | 5 மணி | 6 மணி |
| கண் உழைப்பு | நடுத்தரம் | மிகுதி | குறைவு | குறைவு |
| அடிக்கடி துவைக்க | ஏற்றது | ஓரளவு | மிக ஏற்றது | ஏற்றதல்ல |

அட்டவணையில் தையல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறிவிடும். அடுக்குத் தையலில் 3,450 தையல்கள் இருந்தும் நேரம் குறைவாக இருப்பதற்குக் காரணம், ஊசியில் ஒரே இழுப்பில் ஐந்தாறு தையல்களைக் கோத்துவிடலாம் என்பதுதான். அறுகோணத்தில் ஒவ்வொரு தையலையும் தனித்தனியே போட்டாக வேண்டும்.

## சதுரங்களை வெட்டி இணைத்தல்

பார்வைக்கு எளிமையானதும், உண்மையில் துல்லியத்தை அதிகம் கேட்பதும் இந்த முறைதான். 2 அங்குலச் சதுரம் வேண்டுமானால், நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் சேர்த்து 2½ அங்குலத்தில் வெட்ட வேண்டும். வெட்டும் பரப்பு 6.25 சதுர அங்குலம், தெரிவது 4. ஆக, துணியில் 36 விழுக்காடு உள்ளே மறைந்துவிடுகிறது. துண்டு சிறியதாகத்தான் இருக்கிறது என்று 1 அங்குலச் சதுரத்துக்கு இறங்கினால் வெட்டுவது 2.25, தெரிவது 1. பாதிக்கு மேல் தையலுக்கே போய்விடும். எனவே 2 அங்குலத்துக்குக் கீழே சதுரங்களைச் சிறிதாக்குவதில் சிக்கனம் ஏதும் இல்லை.

இந்த முறையின் மறைவான செலவு, பிழை கூடிக்கொண்டே போவது. ஒரு பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் தவறினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சதுரத்துக்கு இரு பக்கமும் சேர்த்து மூன்று மில்லிமீட்டர், ஆறு சதுரம் கொண்ட வரிசைக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு வந்துவிடும்; அடுத்த வரிசையோடு சேர்க்கும்போது மூலைகள் ஒன்றையொன்று சந்திக்காது. இதைத் தவிர்க்க, துணியின் உள்பக்கத்தில் தையல் விழ வேண்டிய கோட்டையே பென்சிலால் வரைந்துகொண்டு, அந்தக் கோட்டின் மேலேயே ஊசியைச் செலுத்த வேண்டும். கத்தரி வெட்டிய ஓரம் சற்றுக் கோணலாக இருந்தாலும் கோடு நேராக இருந்தால் போதும். அச்சுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி வைத்துக்கொள்வது அட்டையைவிட மேலானது. பத்து முறை பென்சில் உரசினாலும் அதன் மூலை மழுங்காது.

தையல் அங்குலத்துக்கு எட்டு என்ற அளவில் ஓட்டுத் தையலாக இருக்கட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு தையலைப் பின்னோக்கிப் போட்டுக் கெட்டியாக்க வேண்டும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக வைத்தால் அடிக்கடி கோக்க வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் துணிக்குள் பலமுறை நுழைந்து வரும் நூல் நைந்து, முடிச்சு விழுந்து, மிச்சப்படுத்திய நேரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஊசி 9 அல்லது 10ஆம் எண்ணில் இருந்தால் பருத்திக்குச் சரியாக இருக்கும். எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை வாங்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டை, வேட்டி, பாப்ளின் உள்பாவாடை போன்ற ஒரே கனமுள்ள பருத்தித் துணிகள் கணிசமாக இருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. பையில் பாதி ரூபியா, பாதி சீருடைத் துணி என்று கனம் மாறிமாறி இருந்தால், மெல்லிய துணியைத் தடித்த துணி இழுத்துக்கொண்டு போகும். அப்போது இதைத் தவிர்ப்பது நல்லது. பனியன் துணியை இதில் சேர்க்கவே கூடாது.

## காகிதத்தின் மேல் அறுகோணங்கள்

அறுகோண வடிவக் காகிதத்தின் மேல் துணியை வைத்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்துத் தற்காலிகத் தையல் போட்டு, பிறகு இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் வைத்து ஓரத்தை நெருக்கமாகச் சுற்றித் தைப்பது இம்முறை. ஒரு துண்டின் எல்லாப் பக்கங்களும் அண்டைத் துண்டுகளோடு இணைந்தபின் தற்காலிகத் தையலைப் பிரித்துக் காகிதத்தை உருவிவிடலாம். இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாகப் பழகிய முறை. பிரிட்டனில் கிடைத்தவற்றுள் ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய ஒட்டுத்துணி விரிப்பு 1718ஆம் ஆண்டினது, இப்படித்தான் செய்யப்பட்டது. அது பட்டுத் துண்டுகளால் ஆனது என்பது நமக்கு இங்கே பயன்படும் செய்தி: வழுக்கும் துணியையும் இழை பிரியும் துணியையும் காகிதம் பிடித்து நிறுத்துகிறது. இற்றுப்போகாத பகுதிகளை மட்டும் பழைய பட்டுப் புடவையிலிருந்து எடுத்து, இந்த முறையில் ஒரு தலையணை உறையின் நடுப்பகுதியைச் செய்தால், சதுர முறையில் வரவே வராத ஒழுங்கு கிடைக்கும்.

காகிதம் விலைக்கும் கிடைக்கிறது, வாங்கத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் உள்தாள் சரியான கனம். பொன்னிற அச்சுள்ள அட்டைப் பகுதியைத் தவிர்க்க வேண்டும். இஸ்திரிச் சூட்டில் அந்தப் பொன்னிறம் துணியில் ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாள் மெலிந்தது, மையும் ஒட்டும். அறுகோணம் வரையக் காம்பஸ் போதும்: 1 அங்குல ஆரத்தில் வட்டம் போட்டு, அதே அளவை மாற்றாமல் பரிதியில் ஆறு முறை வெட்டினால் ஆறு மூலைகளும் கிடைத்துவிடும். அந்த முதல் வரைவை எக்ஸ்ரே பிலிமில் வெட்டி வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றி வரைய வேண்டும். ஒரு தாளிலிருந்து வெட்டியதை அடுத்த தாளுக்கு அச்சாக வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை பெருத்து, இருபதாவது அறுகோணம் முதலாவதோடு பொருந்தாது.

பிழையைப் பொறுப்பதில் இம்முறைக்கு முதலிடம். வெட்டியது கோணலாக இருந்தாலும், கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம் விட்டிருந்தாலும், காகிதம் சரியாக இருக்கும் வரை துண்டு சரியாக இருக்கும். எடுத்துச் செல்லவும் எளிது. ஒரு சிறிய டப்பாவில் ஊசி, நூற்கண்டு, மடித்த அறுகோணங்கள் இருபது என்று வைத்துக்கொண்டு, ரயிலிலும் மருத்துவமனை வரிசையிலும் உட்கார்ந்து வேலையை நகர்த்தலாம். துண்டு 2¼ அங்குலத்துக்கு 2⅝ அங்குலம் இருந்தாலே ஓர் அறுகோணம் கிடைக்கும் என்பதால், சதுரத்துக்குப் போதாத ஒடுங்கிய துண்டுகள் சில இங்கே பயன்பட்டுவிடும்.

விலை என்னவென்றால், கண். அங்குலத்துக்குப் பதினாறு தையல், அதுவும் மடிப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் பிடித்துப் போட வேண்டியது. ஆழமாக எடுத்தால் முன்பக்கம் தையல் தெரியும். மேலாக எடுத்தால் துவைப்பில் பிரியும். துவைப்புக்கு ‘ஓரளவு’ என்று அட்டவணையில் எழுதியதற்குக் காரணம் இதுதான். தொடங்கியவர்கள் நடுவில் நிறுத்திவிடும் வேலைகளில் இதுவே அதிகம் என்பதையும் பார்த்திருக்கிறேன். காகிதம் உருவாத நிலையில் பாதியில் நிற்கும் வேலையை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. முதல் முயற்சியை ஏழு அறுகோணங்களோடு, ஒன்று நடுவிலும் ஆறு சுற்றிலுமாக, ஒரு பூவோடு நிறுத்திக்கொண்டு டம்ளர் வைக்கும் விரிப்பாகச் செய்தால் கண் இதைத் தாங்குமா என்பது தெரிந்துவிடும்.

## அடுக்கி ஓட்டுத் தையல் போடுதல்

என் வாக்கு இதற்குத்தான், ஆகவே சற்று விரித்து எழுதுகிறேன். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டு விரிப்பாக்கும் வழக்கம் வங்காளத்தில் கந்தா என்று வழங்குகிறது. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதில் உள்ள நம் கந்தையும் வடமொழிக் கந்தாவிலிருந்து வந்ததே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி விரிப்புகளில் இதன் மற்றொரு வடிவத்தைக் காணலாம். அவர்கள் அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே துண்டு துண்டாக வைத்து, ஓரங்களை உள்ளே மடித்து ஓட்டுத் தையல் போட்டபடி சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். கடைசியில் மூலைகளில் ‘பூ’ என்ற பொருளில் அழைக்கப்படும் சிறு மடிப்புத் துண்டுகளை வைத்து முடிக்கிறார்கள். சட்டமோ அளவுகோலோ கிடையாது. துண்டு எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே இடம்பெறுகிறது.

தையற்கடை வெட்டுத்துணிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். கைக்குழி வளைவும், கூரான முனையும் இங்கே குறையாகாது. ஒரு துண்டின் வளைவை அடுத்த துண்டு மூடிக்கொள்ளும். இணைத்தல், அடித்துணி வைத்தல், அடுக்குகளைப் பிடித்துத் தைத்தல் ஆகிய மூன்று வேலைகள் ஒரே தையலில் முடிந்துவிடுகின்றன. அடுத்தடுத்து நெருங்கிய வரிசைகள் துணி முழுவதையும் பிடித்திருப்பதால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் துண்டு கழன்று தொங்காது. ரூபியாவின் பக்கத்தில் கைத்தறி வந்தாலும், இரண்டையும் அடித்துணி தாங்கிக்கொள்ளும். இற்றுப்போகத் தொடங்கிய மென்துணியைக்கூட, அதன்மேல் வரிசைகள் நெருக்கமாக ஓடினால், இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வைக்கலாம்.

செலவுகளும் உண்டு. முதலாவது நூல். ஆறிழை எம்பிராய்டரி நூல் ஒரு கண்டு 8 மீட்டர். இரண்டிழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். நம் 144 சதுர அங்குலத்துக்குக் கால் அங்குல இடைவெளியில் 48 வரிசைகள், ஏறத்தாழ 15 மீட்டர். முனைகளையும் சேர்த்தால் ஒரு கண்டு போதும். அரைக்கால் அங்குல இடைவெளிக்கு இறங்கினால் இரண்டு கண்டாகும். சிறு பொருளுக்கு இது பெரிதல்ல; கட்டில் விரிப்பு அளவுக்குப் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே பெருக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சுருக்கம். நூலைச் சிறிது இறுக்கி இழுத்தாலும் முழுத்துணியும் சுருங்கிக் குழையும். 12 அங்குலமாகத் தொடங்கியது 11½ ஆக முடிவது இயல்பு. அளவு சரியாக இருக்க வேண்டிய பொருளென்றால் ஒரு அங்குலம் கூடுதலாக வைத்தே தொடங்க வேண்டும். அந்தக் குழைவே இதன் அழகு என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருத்தி. ஆனால் மழமழவென்று இஸ்திரி போட்டது போன்ற விரிப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

மூன்றாவது, மேல்துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஐந்தாறு அடுக்கு சேர்ந்துவிட்டால் ஊசி இறங்காது. விரலுறை இல்லாமல் தள்ளினால் அன்று மாலையே விரல் நுனி புண்ணாகும். ஏறும் ஓரத்தை அரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதும், ஜீன்ஸ் போன்ற தடித்த துணியை ஒதுக்குவதும் வேண்டும். உள்ளே நிரப்பாகப் பழைய வேட்டி ஒரு அடுக்கு போதும். பஞ்சுத் தாள் வைத்தால் தடிமன் கூடி, கார்த்திகை மழையில் உலராமல் பூஞ்சை வாடை பிடிக்கும்.

சமையலறைப் பொருள்களுக்கும் இதுவே ஏற்றது. கரித்துணிக்குப் பதிலாகச் சூடான பாத்திரத்தைப் பிடிக்க ஒன்று செய்ய நினைத்தால், மேல்துணி, அடித்துணி, இடையில் பழைய துண்டு இரண்டு மடிப்பு, நூல் எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். மேலே சொன்ன எரித்துப் பார்க்கும் சோதனையை இங்கே தவிர்க்கவே கூடாது. பாலியெஸ்டர் உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

## சுருக்கு வட்டங்கள்

வட்டமாக வெட்டி, ஓரத்தைக் கால் அங்குலம் மடித்தபடி சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்தால் சுருக்குப்பையின் வாய் மூடிக்கொள்வதுபோல் நடுவில் குவிந்து ஒரு சிறு பூவாகிவிடும். ஐந்து நிமிடத்தில் ஒன்று முடிகிறது. எட்டு வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும். படத்தில் மிக அழகாக இருக்கும். தையல் நெருக்கமாக இருந்தால் நடுத்துளை பெரிதாகவும், கால் அங்குல நீளத்தில் தளர்வாகப் போட்டால் துளை சிறிதாகவும் அமையும் என்ற ஒரு நுணுக்கத்தைத் தவிரக் கற்க வேண்டியது அதிகமில்லை.

துணிக் கணக்கைப் பார்த்தால்தான் அதிர்ச்சி. 2 அங்குல வட்டம் ஒன்றுக்கு 4½ அங்குலத் துணி வெட்ட வேண்டும். 36 வட்டத்துக்குச் சுமார் 730 சதுர அங்குலம். 36 அங்குல அகலத் துணியில் இது அரை மீட்டருக்கும் சற்று அதிகம். அவ்வளவும் செலவிட்டு நமக்குக் கிடைப்பது, வட்டங்களுக்கு இடையே நான்கு மூலைக்கு ஒரு சந்து திறந்திருக்கும் ஓரடி விரிப்பு. மேலும், 4½ அங்குலத்துக்கு முழுதாக இருக்கும் துண்டை வெட்டுத்துணி என்று சொல்வதே கடினம். வட்டங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நாலைந்து தையல் மட்டுமே இருப்பதால் துவைப்பில் அந்த இடம்தான் முதலில் கழலும். மடிப்புக்குள் தூசியும் தங்கும்.

ஆயினும் மற்ற முறைகளில் எளிதில் அடங்காத ஷிஃபான், ஜார்ஜெட், மெல்லிய பட்டு ஆகியவற்றுக்கு இது ஒரு புகலிடம். துணி மெலிந்திருக்கும் அளவுக்கு வட்டம் அழகாகக் குவியும். விரிப்பாகச் செய்யாமல், சுருக்குப்பையின் கயிற்று முனைக்கு இரண்டு, குழந்தையின் கொண்டை ரப்பருக்கு ஒன்று, கொலுப்படியின் ஓரத்தில் தொங்கவிட ஒரு சரம் என்று அணியாகப் பயன்படுத்தினால் இதன் குறைகள் எவையும் தெரியாது.

## பட்டியலில் சேர்க்காத ஒன்று

தஞ்சாவூரில் தேருக்கும் கோயிலுக்கும் தைக்கும் தொம்பைகள் எனும் உருளை வடிவத் தொங்கல்களிலும் தோரணங்களிலும் காணும் ஒட்டுவேலையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கக்கூடும். உருவங்களை வெட்டி அடித்துணியின் மேல் பொருத்தும் அந்த வேலைக்குத் திட்டமிட்ட வரைபடமும், ஒரே நிறத்தில் போதுமான துணியும் வேண்டும். அது தேர்ந்த கைவினைஞர்களின் தொழில். பையில் கிடக்கும் மீதியைக் கொண்டு தொடங்கும் முதல் வேலையாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## எந்த நிலையில் எது

தையற்கடைத் துண்டுகளே பெரும்பகுதி, வடிவம் ஒழுங்கற்றது, துணிகள் பலவகை என்றால் அடுக்குத் தையல். இதில் எனக்கு ஐயமில்லை. பிறந்த குழந்தைக்கு விரிப்பு செய்பவர்களும் இதையே தேர்ந்தெடுக்கலாம். அப்போது கனத்த எம்பிராய்டரி நூலைவிடச் சாதாரணத் தையல் நூலே நல்லது. தொங்கும் நூலோ நீண்ட தையலோ குழந்தையின் விரலில் சிக்காதபடி வரிசைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அடித்துணிக்குப் பலமுறை துவைத்த வேட்டியே மேல்.

பழைய சட்டைகளும் வேட்டிகளும் மட்டுமே இருக்கின்றன, தையலை முறையாகக் கற்கவும் விருப்பம் இருக்கிறது என்பவர்களுக்குச் சதுரம். அதில் கை பழகிவிட்டால் சுருக்குப்பை, தலையணை உறை, மேசை விரிப்பு என எதையும் அளவெடுத்துச் செய்ய முடியும். மற்ற முறைகள் இந்தத் துல்லியத்தைக் கற்றுத் தருவதில்லை. நவராத்திரிக்கு வருபவர்களுக்குக் கொடுக்க இருபது தாம்பூலப் பைகள் வேண்டும் என்பது போன்ற தேவை என்றால், சதுரமும் வேண்டாம், கைத்தையலும் வேண்டாம். இருபது நாள் மாலையை அதற்குக் கொடுப்பதைவிட எந்திரத்தில் அரை நாளில் முடித்துவிட்டு, கயிற்று முனைக்கு மட்டும் சுருக்கு வட்டம் வைத்துக்கொள்ளலாம்.

அன்றாடம் பயணம் செய்பவர்கள், பத்துப் பதினைந்து நிமிடங்களாக மட்டுமே நேரம் கிடைப்பவர்கள், பட்டுத் துண்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்கள், கண் நன்றாக இருக்கும் வரை அறுகோணத்தை எடுக்கலாம். மாலை விளக்கில் தைப்பவர்கள் துணியின் நிறத்துக்கு நெருங்கிய நூலை எடுத்தால் தையல் மறையும், ஆனால் ஊசி எங்கே இறங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். கரும் நிறத் துணிகளைப் பகல் வெளிச்சத்துக்கு ஒதுக்கிவிடுவது கண்ணுக்கு நல்லது.

எதை எடுத்தாலும், வெட்டும்போது உதிரும் அரை அங்குல நறுக்குகளும் பிரிந்த இழைகளும் ஒரு டப்பாவில் சேரட்டும். நான்கு அங்குலப் பை ஒன்றைத் தைத்து, இவற்றை இடமில்லாமல் திணித்து வாயைத் தைத்துவிட்டால் ஊசி குத்தி வைக்கும் மெத்தை தயார். பஞ்சைவிட இது கனமாக இருப்பதால் மேசையில் நகராது. பாலியெஸ்டரும், பனியன் துணியும், ஜரிகை நீக்கிய பட்டின் கிழிசலும் என மற்ற நான்கிலும் இடம் கிடைக்காதவை எல்லாம் அதற்குள் போகலாம்.